மூன்று முறை கேட்டார்கள்

பேனர் கட்டிய நாளிலிருந்து அனுராதா பஸ் ஸ்டாண்டு வழியாகப் போவதை விட்டுவிட்டாள். வீட்டிலிருந்து தாலுகா ஆபீசுக்கு அதுதான் நேர்வழி, பத்து நிமிஷம். இப்போது மார்க்கெட்டுக்குள் நுழைந்து, வாழைத்தார் வண்டிகளுக்கு நடுவே ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு போக இருபத்தைந்து நிமிஷம் ஆகிறது. ஆபீசில் கேட்டால், "ஆடிக் கிருத்திகை கூட்டம் சார்" என்றாள். திருத்தணியில் வேலை பார்ப்பவர்களுக்கு ஆடி மாதம் முழுக்கச் செல்லுபடியாகிற காரணம் அது.

பேனர் ஆறடிக்குப் பத்தடி. கழுத்தில் மெடலோடு அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பல்லைக் கம்ப்யூட்டரில் கொஞ்சம் வெளுத்துவிட்டிருந்தார்கள். "நீச்சலில் மாநில அளவில் தங்கம் வென்ற எங்கள் தணிகைத் தங்கமே!" என்று மேலே கொட்டை எழுத்து. கீழே வரிசையாக வாழ்த்துவோர் முகங்கள். எல்லாரும் அவள் கணவன் பாலமுருகனோடு டாக்சி ஸ்டாண்டில் வண்டி ஓட்டுகிறவர்கள். அதில் ஒருத்தருக்கும் நீந்தத் தெரியாது. மலையேற வந்த காவடிக்காரர்கள் அந்த பேனர் நிழலில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டுவிட்டு, அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

தங்கம் என்னவோ உண்மைதான். மாநில அளவு என்பதும் உண்மைதான். நாற்பத்தைந்திலிருந்து நாற்பத்தொன்பது வயதுவரை உள்ள பெண்களுக்கான ஐம்பது மீட்டர் போட்டியில் அன்றைக்குக் குளத்தில் இறங்கியது அவள் ஒருத்திதான் என்பதை மட்டும் போட பேனரில் இடமில்லாமல் போயிற்று. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. அதற்காக அவளைக் குறை சொல்ல முடியாது. வயதானவர்கள் நீச்சலில் இது வழக்கம்தான். வயது ஏற ஏற ஆள் குறைந்து, தண்ணீரில் விழுந்து கரையேறினவர்களுக்கெல்லாம் மெடல் என்று ஆகிவிடும்.

அவளுக்கு இருப்புக் கொள்ளாமல் செய்தது வேறு. அந்தப் போட்டிக்குப் பெயர் கொடுத்தவர்கள் இரண்டு பேர். இரண்டாவது ஆள் குளத்துக்கு வந்து, இறங்க முடியாமல் நின்றுவிட்டாள். அவளை இறங்க வைத்திருக்கக்கூடிய ஒரு பொருள் அந்த நேரத்தில் அனுராதாவின் பையில் இருந்தது. இருக்கிறதா என்று மூன்று முறை கேட்டார்கள். மூன்று முறையும் அவள் வாயைத் திறக்கவில்லை.

எல்லாவற்றையும் ஆரம்பித்து வைத்தவள் தீபா. சென்னையில் பிறந்து, ஆறு வயதிலிருந்து கோச் வைத்து நீந்திப் பழகி, கல்யாணமாகித் திருத்தணிக்கு வந்து பேங்கில் உட்கார்ந்திருப்பவள். ஊரில் நீச்சல் குளம் கிடையாது. கோயில் குளத்தில் கைகால் நனைக்கலாம், அவ்வளவுதான். நீந்தக் கைகால் துறுதுறுத்துக் கிடந்தவள், பெரியவர்களுக்கும் நீச்சல் போட்டி உண்டு என்று ஒரு வாட்ஸாப் குரூப் தொடங்கினாள். முதலில் பதினெட்டுப் பேர் சேர்ந்தார்கள். தண்ணீரில் இறங்க வேண்டும் என்றதும் நாலு பேர் மிஞ்சினார்கள்.

தீபாவைத் தவிர அம்மையார்குப்பத்துத் தறிக்காரர் சுந்தரமூர்த்தி ஒருவர். நாற்பது வருஷம் தறி மிதித்த கால், தண்ணீரிலும் மிதித்துக்கொண்டே இருந்தது. கைக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. அடுத்தவள் அனுராதா. ஒரு காலத்தில் மாவட்டக் கபடி அணியின் ரைடர். விளையாட்டு ஒதுக்கீட்டில்தான் தாலுகா ஆபீஸ் வேலையே கிடைத்தது. நாலாவது ஆள் திருவாலங்காட்டு ஜெயம்மாள்.

ஜெயம்மாள் எந்த மைதானத்தையும் மிதித்தவள் இல்லை. மூன்று ஏக்கர் கரும்பு, ஒரு ஏக்கர் நெல், ரெண்டு மாடு, ஒரு கிணறு. கிணற்றில் மோட்டார் தண்ணீர் எடுக்காவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிட மாட்டாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே முங்கி, அடியில் குழாய் வாயை அடைத்திருக்கிற பாசியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வருவாள். கடன் விஷயமாகப் பேங்குக்கு வந்தபோது இதைக் கேட்டுத் தீபா அசந்துபோனாள். பயிற்சிக்குக் கிணறும் கிடைத்தது, ஆளும் கிடைத்தது.

நாற்பதடிச் சதுரக் கிணறு. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நாலு தடவை போனால் ஐம்பது மீட்டர் என்று தீபா கணக்குப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் போட்டி நடக்கும். நாலு மாதம், பதினாறு ஞாயிறு. பதினாறிலும் அனுராதா ஜெயம்மாளிடம் தோற்றாள். தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்கி, சளபுளவென்று அடித்துக்கொண்டு வருவாள் ஜெயம்மாள். பார்க்க ஒரு லட்சணமும் இருக்காது. சுவரை வந்து தொட்டதும் ஒரு உதை உதைப்பாள் பாருங்கள், அந்த உதையிலேயே பாதிக் கிணறு தாண்டிவிடுவாள்.

"இன்னாம்மே அனு, வழியில யாரையாவது பாத்துப் பேசிகினு வந்தியா?" என்று படியில் உட்கார்ந்து தலையைத் துவட்டியபடி கேட்பாள். கேலிதான். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதவள். மேலே ஏறியதும் அவளே வேர்க்கடலை வேகவைத்துக் கொண்டுவந்து கையில் திணிப்பாள். அனுராதாவும் சிரித்துக்கொண்டே வாங்கித் தின்பாள். ஆனால் உள்ளுக்குள் எரியும். கபடியில் அவளை மடக்க ஏழு பேரும் சேர்ந்து வரவேண்டும் என்று பேர் வாங்கினவள். இப்போது மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வருகிற ஒருத்தி வாரா வாரம் அவளை மண்ணைக் கவ்வ வைத்தாள்.

போட்டி சென்னையில், ஆனி மாதக் கடைசி ஞாயிறு. நைலான் நீச்சல் உடைதான் போட வேண்டும், பருத்தி கூடாது என்று தீபா குரூப்பில் போட்டிருந்தாள். அனுராதா ஆன்லைனில் வாங்கினாள். முதலில் வந்தது தொளதொளவென்று பெரிய சைஸ். திருப்பி அனுப்பச் சோம்பல்பட்டு இன்னொன்று வாங்கினாள். இரண்டும் பையிலேயே கிடந்தன. ஜெயம்மாளோ போனில் படத்தைக் காட்டித் தனக்குத் தெரிந்த டெய்லரிடம் தைத்துக்கொண்டாள். அதே வெட்டு, அதே முட்டி வரையிலான கால், தோளில் வெள்ளைப் பட்டை, பார்க்க அச்சு அசலாக இருந்தது. துணி மட்டும் கருநீலத்தில் ரவிக்கைக்கு வைக்கிற லைனிங் துணி.

உடை மாற்றும் அறையில் பரிசோதிக்க வந்த மேடம் அந்தத் துணியின் ஓரத்தைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து பார்த்தார். கையெல்லாம் நீலம்.

"இதப் போட்டுக்கிட்டு இறங்க முடியாதும்மா. குளம் முழுக்கச் சாயம் போயிடும். வேற இருக்கா?"

ஜெயம்மாள் இல்லையென்று தலையாட்டினாள். தீபா அந்த நேரம் பார்த்துத் தன் போட்டிக்காகத் தண்ணீரில் இருந்தாள். மேடம் நல்லவர். அறையைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டார். "யார்கிட்டயாவது எக்ஸ்ட்ரா சூட் இருக்கா? இவங்க சைஸுக்குப் பெருசா வேணும்."

அனுராதா பெஞ்சில் உட்கார்ந்து தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். பை அவள் காலடியில். முதல் முறை கேட்டபோது, கை பையை நோக்கிப் போகத்தான் செய்தது. போன கை அங்கேயே நின்றுவிட்டது. இரண்டாம் முறை கேட்டபோது பையைக் காலால் பெஞ்சுக்கு அடியில் தள்ளினாள். மூன்றாம் முறை மேடம் ஒவ்வொருத்தரிடமும் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டு வந்தார். அனுராதாவின் முகத்தையும் பார்த்தார். அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

நாலாவது லேனில் அவள். ஐந்தாவது லேன் காலி. விசில் ஊதினார்கள், குதித்தாள், நீந்தினாள், தொட்டாள். யாரை முந்த வேண்டும் என்று தெரியாமல் நீந்துவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தபோது, கேலரியில் ஜெயம்மாள் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தாள். சாயத்தைக் குழாயடியில் அலசிப் பார்த்திருக்கிறாள்; கை இரண்டும் முழங்கை வரை நீலமாக இருந்தன.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அனுராதாவுக்கு நெஞ்சோடு நிற்கவில்லை. கைகால் எல்லாம் குறுகுறுத்தது. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி வீட்டுக்குள் நடந்தாள். துவைத்த துணியையே திரும்பத் துவைத்தாள். விடிந்ததும் விடியாததுமாக மலைப்படி முந்நூற்று அறுபத்தைந்தும் ஏறி, முருகன் முகத்தைப் பார்க்காமலேயே இறங்கிவந்தாள். கூட்டத்தில் யாரோ, "யக்கா, நீங்கதானே அந்த பேனர்ல கீறது?" என்று கேட்டால், "இல்லீங்க, அது என் தங்கச்சி" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள். அவளுக்குத் தங்கச்சியே கிடையாது.

பாலமுருகனிடம் ஒருநாள் சொல்லிப் பார்த்தாள். அவன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்.

"உன் சூட்டு. நீ வாங்கினது. குடுத்தாலும் குடுப்ப, குடுக்காட்டியும் போவ. இதுல இன்னா இருக்குது?"

"ஜெயிக்கணும்னுதாங்க குடுக்கல."

"அதுக்குத்தான போனீங்க? அவங்க துணிய அவங்க ஒழுங்கா வாங்கிகினு வந்திருக்கணும். சும்மா மனச போட்டு ஒழப்பிக்காத. கொஞ்சம் ரசம் ஊத்து."

அவன் சொன்னதில் தப்பில்லை என்று அவளுக்கும் தோன்றியது. ரசம் ஊற்றுகிற நேரம் வரைக்கும் தோன்றியது. அப்புறம் திரும்பவும் அந்தப் பெஞ்சும், காலால் தள்ளிய பையும் வந்து நின்றன. கொடுக்காமல் இருந்துவிட்டதைக்கூட ஏதோ புத்தி தடுமாறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். காலால் தள்ளியதை எப்படிச் சொல்வது?

கிருத்திகை முடிந்தது. நகராட்சிக்காரர்கள் லாரியோடு வந்து, வரவேற்பு வளைவுகளையும் சோப்பு விளம்பரங்களையும் கழற்றும்போது அவள் பேனரையும் சேர்த்துக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு போனார்கள். இனிமேல் பஸ் ஸ்டாண்டு வழியாகவே ஆபீசுக்குப் போகலாம். போனாள். பத்து நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தாள். மனசு மட்டும் இருபத்தைந்து நிமிஷ வழியிலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

அந்த வாரம் தீபா போன் செய்தாள்.

"அனுக்கா, ஜெயம்மாக்கா போனே எடுக்க மாட்டேங்கறாங்க. நாலு ஞாயிறா கிணத்துல இறங்கறதே இல்லையாம். மோட்டார் ரிப்பேருக்குக்கூட ஆள கூப்பிட்டாங்களாம். வீட்ல ஏதோ சொல்லிட்டாங்க போல. நீங்கதான் அவங்களுக்கு க்ளோஸ். கொஞ்சம் போய்ப் பாருங்களேன்."

அனுராதா போனை வைத்துவிட்டு, வைத்த கையாலேயே ஸ்கூட்டி சாவியை எடுத்தாள். லீவு எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது.

திருவாலங்காட்டில் ஜெயம்மாள் வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகையில் கரும்புத் தோகை நறுக்கிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"வா அனு. இன்னா, வேலை நாள்ல வந்துகீற?"

"சும்மாதான் அக்கா. போன் எடுக்கவே இல்ல நீ."

"இன்னாத்த எடுக்கறது. 'சாயம் போற துணியப் போட்டுகினு மெட்ராஸ் வரைக்கும் போய் ஊர் மானத்த வாங்கிட்டு வந்தியே'ன்னு இந்த மனுஷன் ஒரு மாசமா பாடிகினு இருக்கறாரு. மருமவ அவங்க அம்மாகிட்ட போன்ல சொல்லிச் சிரிக்கறா. கெழவிக்கு நீச்சல் ஆசையாம். சரி, ஆசைப்பட்டாச்சு, பட்டாச்சு. போதும்." ஜெயம்மாள் அரிவாளைத் தோகையில் ஓங்கிப் போட்டாள். "நீயாவது ஜெயிச்ச. அதுதான் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். ஆலங்காட்டுக் கோயில்ல உன் பேருக்கு அர்ச்சனை வெச்சேன், தெரியுமா?"

அர்ச்சனை என்றதும் அனுராதாவுக்குத் தாங்கவில்லை. வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த வாக்கியங்கள் எல்லாம் எங்கோ போய்விட்டன.

"அக்கா, என் பையில இன்னொரு சூட் இருந்துச்சு."

ஜெயம்மாள் நிமிர்ந்தாள்.

"பெரிய சைஸு. உனக்குச் சரியா இருந்திருக்கும். அந்த மேடம் கேக்கறப்ப இருந்துச்சு. நான் எடுத்துக் குடுக்கல."

ஜெயம்மாள் அரிவாளைக் கீழே வைத்தாள். முந்தானையால் கையைத் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள்.

"அவங்க மொத வாட்டி கேக்கறப்ப உனக்குக் காதுல வுழுந்திருக்காது. தொப்பி மாட்டிகினு இருந்த."

"வுழுந்துச்சு அக்கா."

"ரெண்டாவது வாட்டி?"

"வுழுந்துச்சு."

"மூணாவது வாட்டி உன் மூஞ்சியப் பாத்தே கேட்டாங்களே. நான் பாத்தனே."

"ஆங்."

"அப்ப வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

அனுராதாவுக்குத் திட்டினால் தேவலை, அடித்தால்கூடத் தேவலை என்று இருந்தது. ஜெயம்மாளோ தப்பிக்க ஒவ்வொரு வழியாகக் காட்டிப் பார்த்தாள். இவள் ஒவ்வொன்றையும் தானே அடைத்துக்கொண்டு வந்தாள்.

"ஏன்?"

"நீ இறங்கினா நீதான் ஜெயிப்ப. அதான்."

ஜெயம்மாளின் முகம் ஒரு கணம் எப்படியோ ஆயிற்று. கோபம் இருந்தது, அழுகை இருந்தது. இரண்டுக்கும் நடுவே சந்தோஷம் மாதிரி ஒன்றும் எட்டிப் பார்த்தது. அதை மறைக்க அவளுக்குத் தெரியவில்லை.

"நான்தான் ஜெயிச்சிருப்பேன்னு நெனச்சியா?"

"நெனைக்கல. தெரியும்."

"எழுந்திரு" என்றாள் ஜெயம்மாள். வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "ஏங்க! இங்க வாங்க. அடியே கவிப்பிரியா, நீயும் வா. அனு ஒண்ணு சொல்லுது. கேட்டுட்டுப் போங்க."

ஜெயம்மாளின் கணவர் ஆறுமுகம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். மருமகள் கையில் கரண்டியோடு வந்து நின்றாள். அந்த இருவர் முன்னாலும் அனுராதா மறுபடி முதலிலிருந்து சொன்னாள். சூட் இருந்ததை, மூன்று முறை கேட்டதை, காலால் தள்ளியதை, ஏன் என்பதை. முதல் தடவை சொன்னதைவிட இது பத்து மடங்கு கஷ்டமாக இருந்தது. ஆறுமுகத்துக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"இதுக்காம்மா இவ்ளோ தூரம் வந்த? போனாப் போவுது, வுடு. காப்பி குடிச்சிட்டுப் போ" என்றார்.

"காப்பியெல்லாம் இருக்கட்டும்" என்றாள் ஜெயம்மாள். "கேட்டீங்களா? சாயத்தால நான் நிக்கல. நான் ஜெயிச்சிடுவேன்னு பயந்துகினு இது நிறுத்திடுச்சு. ஒரு மாசமா பாடினீங்களே, இப்பப் பாடுங்க."

ஆறுமுகம் பாடவில்லை. மருமகள் கரண்டியைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனாள்.

அனுராதா, "அக்கா, அந்த மெடல நீயே வெச்சுக்க. எடுத்தாந்திருக்கறேன்" என்று பையைத் திறந்தாள்.

"தூ! அது யாருக்கு வேணும்?" ஜெயம்மாளுக்கு அப்போதுதான் நிஜமான கோபம் வந்தது. "நீந்தாம வர்றத நான் எதுக்கு வாங்கணும்? அதே குளத்துக்குப் போலாம். நீயும் நானும். தீபாவ கூப்பிடு, அது விசில் ஊதட்டும். ஆனா ஒண்ணு அனு. பாவம் பாத்துகினு கைய மெதுவா போட்டன்னு வெச்சுக்க, எனக்குத் தெரிஞ்சிடும். அதுக்கப்புறம் இந்த வாசப்படி மிதிக்காத. சத்தியம் பண்ணு."

அனுராதா சத்தியம் செய்தாள். மாட்டின் முதுகில் கையை வைத்துத்தான் செய்தாள். கைக்கு எட்டின தூரத்தில் வேறு ஒன்றும் இல்லை.

அடுத்த ஞாயிறு மூன்று பேரும் திருத்தணியிலிருந்து வருகிற லோக்கலில் போனார்கள். திருவாலங்காட்டில் ஜெயம்மாள் ஏறினாள். எதிரெதிரே உட்கார்ந்தார்கள். தீபாவிடம் அனுராதா முந்தின நாளே எல்லாம் சொல்லியிருந்தாள். தீபா அதற்கப்புறம் அவளை அக்கா என்று கூப்பிடவில்லை. ஜெயம்மாள் வேர்க்கடலை கொண்டுவரவில்லை. அனுராதா ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எழுந்து கதவருகே போய்த் திரும்பி வந்தாள். நன்றாகத் தோற்றுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தாள். முழு பலத்தோடு நீந்தித் தோற்க வேண்டும். எப்படியும் தோற்கப் போகிறோம், பதினாறு ஞாயிறு சாட்சி இருக்கிறது. கடைசியில் ஜெயம்மாள் சிரித்துவிடுவாள். திரும்பும்போது கடலை வாங்கிக்கொள்ளலாம்.

பதினொரு மணிக்குப் பெண்கள் நேரம். குளத்தில் ஏழெட்டுப் பேர் ஒரு ஓரமாக மிதந்துகொண்டிருந்தார்கள். காவலுக்கு இருந்த பெண்ணிடம் தீபா பேசி, நாலாவதும் ஐந்தாவதும் லேன்களைக் காலி செய்து வாங்கினாள். ஜெயம்மாள் தீபாவின் பெரியம்மா மகளிடம் இரவல் வாங்கிய கறுப்பு நைலான் உடையில் நின்றாள். கரையோரம் குனிந்து தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நீளத்தைப் பார்த்து, "இம்மாந்தூரமா?" என்று கேட்டாள்.

"அதே ஐம்பது மீட்டர்தான்கா" என்றாள் தீபா. சொல்லிவிட்டு ஏதோ யோசிக்கிறவள் போல ஒரு நொடி நின்றாள். இருவரும் இறங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டதும் விசிலை வாயில் வைத்தாள்.

விசில்.

எதிர்பார்த்தபடியே ஜெயம்மாள்தான் முன்னால் போனாள். சுவரை உதைத்துப் புறப்பட்டதிலேயே முக்கால் ஆள் நீளம் முந்தியிருந்தாள். மூச்சுக்குத் திரும்பும்போதெல்லாம் அனுராதாவுக்கு அவள் பாதங்கள்தான் தெரிந்தன. நல்லது, அப்படியே போ அக்கா, போய்க்கொண்டே இரு. அனுராதா ஏமாற்றவில்லை, சத்தியத்தை நினைத்துக்கொண்டு தோள் கழலும்படி இழுத்தாள். பத்து மீட்டர், பதினைந்து மீட்டர்.

இருபதாவது மீட்டரில் பாதங்கள் இருந்த இடத்தில் இடுப்பு தெரிந்தது. அடுத்த மூச்சில் தோள். அனுராதாவுக்கு முதலில் புரியவில்லை. தன் வேகம் கூடவில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஜெயம்மாள் தலையைத் தூக்கி முன்னால் பார்த்தாள். பிறகு மறுபடி பார்த்தாள். எதையோ தேடினாள். அவளுக்கு இந்நேரம் ஒரு சுவர் வந்திருக்க வேண்டும். ஒன்றல்ல, இரண்டு வரப்போகிற நேரம். நாற்பதடிக்கு ஒரு சுவர், ஒரு உதை, ஒரு சின்ன மூச்சு. வாழ்நாள் முழுக்க அவள் உடம்பு அப்படித்தான் நீந்தியிருக்கிறது. இங்கே சுவர் வரவே இல்லை. தண்ணீர் மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

முப்பத்தைந்தில் இருவர் முகமும் ஒரே கோட்டில் வந்தன. ஜெயம்மாள் வாயைப் பிளந்து காற்றை விழுங்கினாள். கை கனத்துப்போய்த் தண்ணீரை அறைந்தது. இருந்தும் நிறுத்தவில்லை.

ஒரு கையை மெதுவாகப் போட்டால் போதும். யாருக்குத் தெரியும்? கிணற்றில் பதினாறு முறை நடந்ததுதானே இன்றைக்கும் நடந்தது என்று எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். ஆறுமுகம் இனிமேல் வாயைத் திறக்க மாட்டார். மருமகள் சிரிக்க மாட்டாள். அனுராதா செய்ததற்கும் ஒரு மாதிரி ஈடு ஆகிவிடும். அவள் கைக்கு அந்த ஆசை வந்தது. பெஞ்சுக்கடியில் காலுக்கு வந்த அதே ஆசைதான் இப்போது நல்ல வேஷம் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது என்று தோன்றியது. யார் ஜெயிப்பது என்பதை மறுபடியும் இவளே முடிவுசெய்யப் பார்க்கிறாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தண்ணீருக்குள் அழுதால் மூச்சு போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் ஜெயம்மாள் பின்னால் போய்க்கொண்டே இருந்தாள். தொட்டாள்.

திரும்பிப் பார்த்தாள். ஜெயம்மாள் இன்னும் நாலு கை தள்ளி வந்துகொண்டிருந்தாள்.

வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். மேலே தீபா விசிலை விரலில் சுற்றிக்கொண்டு, நேரம் எவ்வளவு என்று சொல்லாமல் நின்றாள். ஜெயம்மாளுக்குப் பேச மூச்சு வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"வுட்டுக் குடுக்கலியே?"

"இல்லக்கா."

"சத்தியமா?"

"சத்தியமா."

ஜெயம்மாள் முகத்தில் வழிந்த தண்ணீரை வழித்துவிட்டு, வந்த தூரத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒரு வாரமாக ஊரில் தலை நிமிர்ந்து நடந்தவள். தான்தான் ஜெயிக்க வேண்டியவள் என்று நம்பி இவ்வளவு தூரம் வந்தவள். கோபித்துக்கொள்ளவாவது அவளிடம் இனி என்ன இருக்கிறது என்று அனுராதா பயந்தாள்.

"அடிப் பாவி" என்றாள் ஜெயம்மாள். குரலில் கோபமே இல்லை; ஆற்றமாட்டாத வருத்தம்தான் இருந்தது. "அன்னிக்குக் குடுத்திருந்தாலும் நீதானடி ஜெயிச்சிருப்ப."

அனுராதா சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். பக்கத்து லேனிலிருந்து யாரோ, அந்த அக்காவுக்குக் கால் பிடித்துக்கொண்டதா என்று கேட்டார்கள். ஜெயம்மாள் நடுவில் இருந்த கயிற்றைத் தூக்கி, தலையைக் குனிந்து இந்தப் பக்கம் வந்து, மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டே அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.